கருடன் மான்குட்டியைத் தூக்குமா?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் வட்டமிடும் கருடன்கள் மான்குட்டியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிச் சென்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் கொண்ட கருடன் எனப்படும் அந்தச் செம்பருந்தின் எடை முக்கால் கிலோவைக்கூட எட்டாது; மீன் ஏலம் முடிந்ததும் படகோரம் தாழ்ந்து வந்து, வீசியெறிந்த மத்திக் குடலை நகத்தால் கவ்விப் பறந்தபடியே தின்பதை அங்கே யாரும் காணலாம்.

மானைக் கொல்லும் கழுகு உண்டு என்பது உண்மைதான். 2011 டிசம்பரில், ரஷ்யாவின் லாசோவ்ஸ்கி காப்பகத்தில் புலிகளுக்காக வைத்த தானியங்கிக் கேமராவில், பொன்னிறக் கழுகு ஒன்று இளம் சிகா மானின் முதுகில் நகம் பதித்த 3 படங்கள் பதிவாயின. அதுவும் மானைத் தூக்கிப் பறக்கவில்லை. சடலம் கேமராவுக்கு அருகிலேயே கிடந்தது. இந்தியாவில் அக்கழுகு வாழ்வது இமயமலையில்தான். வாட்ஸ்அப் செய்தியை நம்பிச் செம்பருந்தின்மீது கல்லெறிவது பெருங்கொடுமை.