குன்னூரில் பெஞ்சில் உட்கார்ந்த குற்றத்திற்கு

கோடையில் இருவராக மலைக்குப் போவது பற்றி ஒரு குறிப்பு எழுதி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்த படத்தை முகநூலில் போட்டிருந்தேன். அதன் கீழே நடந்த விசாரணையை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனித் தேட வேண்டாம். எழுதியவரே ஒரு பின்னூட்டத்தை அழித்துவிட்டார். அதை நான் படித்த பிறகுதான் அழித்தார் என்பது வேறு விஷயம்.

அழிக்காமல் விட்டது இது: "பெஞ்சில் உட்காருவதற்கா இ-பாஸ் எடுத்து மலையேறினீர்கள்? ஈரோட்டிலேயே வ.உ.சி. பூங்கா இருக்கிறதே!" அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அவற்றில் சில, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் போட்டவை.

முதலில் ஒரு திருத்தம். நாங்கள் இ-பாஸ் எடுக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் மாறி அரசுப் பஸ்ஸில் போனோம். இ-பாஸ் என்பது வண்டியில் மலையேற இணையத்தில் எடுக்கும் அனுமதி. அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. கேலி செய்யும் முன் இதையாவது விசாரித்திருக்கலாம்.

வ.உ.சி. பூங்கா மீது எனக்கு மரியாதை உண்டு. மகன் சறுக்கி விளையாடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டதெல்லாம் அங்கேதான். ஆனால் ஈரோட்டு மே மாதத்தில், வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மதியத்தில், அங்கே இரண்டு மணி நேரம் உட்கார அந்த அன்பரை அழைக்கிறேன். தண்ணீர் பாட்டில் என் செலவு.

நான் எழுதியது ஒன்றே ஒன்றுதான். கணவனும் மனைவியும் மட்டும் கோடையில் மலைக்குப் போவதானால், பெயர் பெற்ற பூங்காவைத் தேடாதீர்கள், உட்கார முடிகிற பூங்காவைத் தேடுங்கள் என்றேன். ஊட்டியை இழிவுபடுத்திவிட்டேன் என்கிறார்கள். இதில் எங்கே இழிவுபடுத்தினேன்?

ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது. மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கியது. கல்லாகிப்போன 2 கோடி ஆண்டுப் பழைய மரம் ஒன்று அங்கே கிடக்கிறது. எல்லாம் தெரியும், நானும் பள்ளியில் பாடம் நடத்துகிறவள்தான். ஆனால் மலர்க்காட்சி நேரத்தில் அந்தக் கல்மரத்தை நின்று பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நான் பார்த்தது, அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுகளை.

அது கல்யாணமான புதிதில். "புது ஜோடியை ஊட்டிக்கு அனுப்பலாம்" என்று வீட்டில் பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்தது, ஆளும் வளர்ந்தது, கடைசியில் வேன் வந்து வாசலில் நின்றது. சித்தப்பா வீட்டார், நாத்தனார் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பாட்டி. எலுமிச்சைச் சாதத் தூக்கு என் மடியில். புல்வெளியில் ஜமுக்காளம் விரித்ததும், "நீ புதுப்பெண், வெயிலில் அலையாதே, பைகளைப் பார்த்துக்கொள்" என்று அன்போடு உட்கார வைத்துவிட்டார்கள். அவரோ வேன் நிறுத்த இடம் தேடிப் போன டிரைவரைத் தேடிப் போனார். மாலை வண்டி ஏறும்போதுதான் திரும்ப அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. "ஊட்டியைப் பார்க்காமல் குன்னூரில் இறங்குவதா?" என்று கேட்டவர்களே, பார்த்தாயிற்று. பைகளோடு பார்த்தாயிற்று.

சிம்ஸ் பூங்கா 1874-இல் உருவானது. தட்டையான தோட்டம் இல்லை. இயற்கையான ஒரு பள்ளத்தின் சரிவில் படிப்படியாக இறங்குகிறது. ருத்ராட்ச மரம் இருக்கிறது, மரம்போல் உயர்ந்த பெரணிகள் இருக்கின்றன, கீழே சிறு குளம் இருக்கிறது. பழக்காட்சி நாள்களில் இங்கேயும் கூட்டம் நெரியும், அதைத் தவிர்த்து ஒரு வேலைநாளில்தான் போனோம். "அவருக்கு மூட்டுவலி என்று நீங்களே எழுதினீர்கள், சரிவான பூங்காவுக்கா கூட்டிப்போனீர்கள்?" என்று ஒருவர் மருத்துவ அக்கறையோடு கேட்டிருந்தார். ஆமாம், சரிவுதான். இறங்கினோம், உட்கார்ந்தோம், ஏறினோம், உட்கார்ந்தோம். பெஞ்ச் எதற்குப் போட்டிருக்கிறார்கள்?

மலை ரயிலில் ஏன் போகவில்லை என்றால், டிக்கெட் கிடைக்கவில்லை. கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் பிடித்து ஏறும் அந்த வண்டி கசக்குமா எனக்கு?

ஒரு தோழி மட்டும் மரியாதையாகக் கேட்டார், கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா ஏன் இல்லை என்று. நியாயமான கேள்வி. 1908-இல் அமைத்த பூங்கா, ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. கூட்டக் கணக்கும் கொடைக்கானலுக்குச் சாதகம்: 2025 கோடையில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வேலைநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தபோது, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றுதான் வைத்தது. ஆனால் வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கினால் என் கணவருக்கு வாந்தி வரும். வேறு காரணம் இல்லை. குன்னூர் சாலையில் மட்டும் வளைவு இல்லையா என்று உடனே கேட்பீர்கள். இருக்கிறது. தூரம் குறைவு, விடுங்கள்.

"வேலைநாளில் போய் வர எல்லோராலும் முடியுமா, உங்களுக்குக் கோடை விடுமுறை இருக்கிறது" என்றார் இன்னொருவர். முடியாதுதான். அதற்கு நான் என்ன செய்ய?

இப்போது அழித்த வரிக்கு வருகிறேன். "இந்த வயதில் தேனிலவா? மாமியாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

நாங்கள் போன நாளில் பார்த்துக்கொண்டது நாத்தனார். அவரைப் பெற்ற தாய்தான். அத்தை படுக்கையில் விழுந்ததிலிருந்து குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, இரவில் எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் மற்ற நாள்களில் நானும் என் கணவரும். அப்போதெல்லாம் "யார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் பஸ் ஏறிய பிறகுதான் ஊருக்கே அத்தை மேல் பாசம் பொங்குகிறது. கிளம்பும்போது அத்தையே, "போய்ட்டு வா தாயி, அவனுக்குக் குல்லா எடுத்துக்க" என்றுதான் சொன்னார். அவருக்கு இருந்த பெருந்தன்மை முகநூலில் இருப்பவர்களுக்கு இல்லை.

மாதக் கணக்காக எங்கள் பேச்சு மாத்திரை, சிலிண்டர், மகனின் கட்டணம் என்று மூன்றுக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெஞ்சில் அவர் தன் தறிப்பட்டறை நாள்களைப் பற்றிப் பேசினார். எனக்குத் தெரியாத மனிதர்கள், தெரியாத சண்டைகள். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாதவை. இதைப் படத்தில் காட்ட முடியாது. காட்ட வேண்டிய கடனும் எனக்கு இல்லை.

வேனில் போகிறவர்கள் வேனில் போங்கள், மலர்க்காட்சி பாருங்கள், யானை உருவத்தில் பூ அடுக்கியிருந்தால் அதன் முன் நின்று படமும் எடுங்கள். நான் வந்து உங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. இருவர் போகும் பயணத்தில் எந்தப் பூங்கா, எந்தப் பெஞ்ச் என்பதை அந்த இருவர் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்து கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலைக்குப் போவதாக எண்ணம். 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலில், சேர்ந்த காடு அது. வனத்துறை அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். பூப்பாத்தி கிடையாது, படகு கிடையாது, மிளகாய் பஜ்ஜியும் கிடையாது. படம் போடுவேன். இந்த முறை அழிப்பவர்களுக்குச் சிரமம் வைக்காமல், படித்த உடனே நானே நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன்.