தடி ஆக்சில் மட்டும் போதாது

ஆக்சில்னா சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டு. "32 மில்லிமீட்டர் தடி ஆக்சில் போட்டா எந்தப் பவருக்கும் உடையாது"ன்னு மேலே தம்பி ஒருத்தர் போட்டிருக்கார். பாதிதான் சரி. 28 மில்லியிலிருந்து 32-க்குப் போனா, அதே இரும்புல முறுக்குத் தாங்கும் பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனா அளக்க வேண்டியது நடுத்தண்டை இல்ல, தண்டு நுனியில வெட்டியிருக்கிற ஸ்பிளைன் பல்லோட அடிவிட்டத்தை. பெரும்பாலும் முறியறது அங்கதான்.

கணக்குப் போடுங்க: எஞ்சின் டார்க் (முறுக்கு விசை) 500 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதம் 3.5. மூணையும் பெருக்கினா மொத்தம் 6,125, ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு 3,060 சொச்சம். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுத்தறதைக் கட்டுப்படுத்தற டிஃபரன்ஷியல்) இருந்தா, பிடி உள்ள சக்கரத்துக்கு அதைவிடக் கூடவே போகும். தனுஷ்கோடி ரோட்டுல காத்து மணலைத் தள்ளி வச்சிருக்கும். மணல்ல வெறுமனே சுத்துன சக்கரம் சட்டுனு தாரைப் பிடிச்சா விழுற அடி இந்தக் கணக்குல அடங்காது.

தண்டைப் பலமாக்கினா அடுத்து அடிவாங்கறது சிவி ஜாயிண்ட், அதாவது தண்டு கோணத்துல திரும்பினாலும் சீரா சுத்த வைக்கிற மூட்டு. காரோட உயரத்தைக் குறைச்சிருந்தா அதோட கோணத்தையும் பாருங்க. கோணம் கூடினா சூடும் கூடும்.

ஆக்சில் இரும்பு 4340 குரோமோலியோ 300எம்மோ (ரெண்டுமே பலமான எஃகு வகை), நம்ம உப்புக்காத்துல ரெண்டுமே துருப்பிடிக்கும். துரு குழி விழுந்த இடத்துலதான் விரிசல் பிறக்கும். ஜாயிண்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையான பூட் கிழிஞ்சா அன்னைக்கே மாத்துங்க. மணல் கலந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி, ஜாயிண்ட்டுக்குள்ள இருக்கிற குண்டையெல்லாம் தேச்சே தீர்த்துடும்.