வாட்ஸ்அப்பில் நடத்துவதும் பாடம்தான்

எங்கள் கல்லூரியின் நேற்றைய கூட்டத்தில் நடந்தது இதற்குள் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். "வகுப்பில் நடத்தத் தெரியாதவர்கள்தான் வாட்ஸ்அப்பில் நடத்துகிறார்கள்" என்று மைக்கில் சொன்னார்கள், முன்வரிசை சிரித்தது. என்னைத்தான் சொன்னார்கள் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எழுந்து பதில் சொல்ல விடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தாவரவியல் நடத்துகிறேன். வகுப்பில் நடத்துகிறேன், ஆய்வகத்தில் நடத்துகிறேன், சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவிலும் நடத்துகிறேன். மூன்றும் பாடம்தான்.

அந்தக் குழுவில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். வீட்டுப் பக்கம் முளைத்திருக்கும் ஏதாவது ஒரு செடியைப் படம் எடுத்துப் போட வேண்டும். அது எந்தத் தாவரக் குடும்பம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறக்கும் பெண் ஒருத்தி, தும்பையைப் போட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "மேம், தண்டை விரல்ல வச்சு உருட்டினா உருள மாட்டேங்குது, நாலு பட்டையா இருக்கு. எங்க வீட்டுத் துளசியும் இப்படித்தான் மேம்." தும்பையும் துளசியும் சேர்ந்த லேமியேசி குடும்பத்துக்குச் சதுரத் தண்டு என்று நான் பலகையில் எழுதிப் போட்டதை அவள் விரலால் கண்டுபிடித்திருந்தாள். அப்புறம் ஒரு பையன் குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டு, பூனை ஏன் இதன் வேரைத் தேடி வருகிறது என்று கேட்டான். ராத்திரி வரை அதே பேச்சு. ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை பேர் வாய் திறக்க முடியும்? சொல்லுங்கள்.

கவனம் சிதறுமாம். போன் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, நான் வாங்கிக் கொடுக்கவில்லை.

போன் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்கிறார்கள். சரி, நியாயமான கேள்வி. அவர்கள் செடியையே கையோடு கொண்டு வருகிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள். குழுவில் போட்டதற்கென்று தனி மதிப்பெண் கிடையாது. பெண் பிள்ளைகளின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம். டெலிகிராமில் எண்ணை மறைத்து வைக்கலாம், அதற்கு மாறிவிடலாமா என்று நான்தான் முதலில் எழுதிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. ஆனால் நேற்று அதையே எனக்கு எதிராகச் சொன்னார்கள்!

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது எங்கள் சொந்த போன், சொந்த ரீசார்ஜில்தான் பாடம் ஓடியது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டாவைத் தமிழ்நாடு அரசே இலவசமாகக் கொடுத்தது. போனில் படிக்கட்டும் என்றுதானே கொடுத்தார்கள்? அன்றைக்குப் பாடமாக இருந்தது இன்றைக்கு எப்படிக் கேலியாகிவிட்டது?

தேர்வுப் பணி, விடுப்பு, ராத்திரி பதினொரு மணிக்கு "காலைக்குள் பட்டியல் வேண்டும்" என்ற உத்தரவு, எல்லாம் எதில் வருகிறது? வாட்ஸ்அப்பில்தான். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தபோது தொழில்நுட்பம் வழிக் கற்பித்தலுக்கு ஆதாரம் வேண்டும் என்று இதே குழுவின் ஸ்கிரீன்ஷாட்டை என்னிடம் கேட்டு வாங்கினார்கள். அறிக்கையில் என் பெயர் இல்லை. நான் கௌரவ விரிவுரையாளர். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவரைப் பார்த்து அப்படிச் சிரித்திருப்பார்களா? எனக்கு வலித்தது அதுதான்.

குழுவைக் கலைக்க வேண்டுமென்றால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், கலைக்கிறேன். வாய்வார்த்தைக்குக் கலைக்க மாட்டேன். அதுவரை சாயங்காலம் பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.