கடதாசி சரியாகத்தான் இருந்தது

வெள்ளிக்கிழமை காலை விமான நிலையத்தில், விசா இல்லை என்று பிரான்சுக்குப் போகும் விமானத்தில் என்னை ஏற்ற மறுத்ததைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளை இத்தனை பேர் படிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனால் "விசா எடுக்காமல் கிளம்பினால் திருப்பித்தான் அனுப்புவார்கள்", "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் அக்கா" என்று எனக்கே சட்டம் சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல அந்த நான்கு வரி போதாது.

எனக்கு விசா தேவையில்லை. பிறகு வாக்குவாதம் வேண்டாம் என்பதற்காக இன்னொரு முறையும் எழுதுகிறேன்: எனக்கு விசா தேவையில்லை. என் கணவர் பிரெஞ்சுக் குடிமகன். நாங்கள் வாழ்வது அயர்லாந்தில். தன் நாட்டை விட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் வாழும் ஐரோப்பியக் குடிமகனின் குடும்பத்தாருக்கென்றே ஒரு வசிப்பிட அட்டை உண்டு. இங்கே அதை ஸ்டாம்ப் 4 இயூ ஃபேம் என்பார்கள். அந்த அட்டை வைத்திருப்பவர் அவரோடு சேர்ந்து பயணம் செய்தாலும், அவரிடம் போய்ச் சேர்வதற்காகப் பயணம் செய்தாலும் விசா கேட்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் ஐரோப்பிய உத்தரவு, 5ஆம் பிரிவில் சொல்கிறது. கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி, அட்டை கொடுத்த அயர்லாந்து ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், இல்லாவிட்டாலும் சரி. சென்ற ஆண்டு இதே அட்டையோடு லிஸ்பன் போய் வந்தோம். அங்கே எல்லை அலுவலர் அட்டையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்தாமல் திருப்பிக் கொடுத்தார். முத்திரை குத்தக் கூடாது என்பதும் அதே 5ஆம் பிரிவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கவுன்டரில் இருந்த பெண் "ஷெங்கன் விசா எங்கே?" என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். "இது அயர்லாந்து அட்டை, அயர்லாந்து ஷெங்கனில் இல்லை" என்றார். கணவரின் பிரெஞ்சு பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், அந்த உத்தரவின் அச்சுப் பிரதி என்று மூன்றையும் நீட்டினேன். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்கள். அவர் காகிதங்களைத் தொடவே இல்லை. கணினித் திரையைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் குழந்தையும் போகலாம். உங்கள் மனைவி போக முடியாது."

நாங்கள் போய்க்கொண்டிருந்தது என் மாமாவின், அதாவது என் கணவருடைய அப்பாவின், அந்தியேட்டிக்கு. எங்கள் கும்பகோணத்துப் பக்கம் 16ஆம் நாள் கருமாதி. என் கணவர் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அவர்களுக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி. இறுதிச் சடங்குக்கே நான் போகவில்லை, மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதனால் அந்தியேட்டிக்காவது போய் மாமியின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தேன். மூத்த மகன் இல்லாமல் சடங்கு நடக்காது, அவர் போனார். பேத்தியைக் கூட்டி வருகிறோம் என்று மாமிக்குச் சொல்லியிருந்ததால் ஐந்து வயது மகளும் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

"கவுன்டரில் இருப்பவர் பாவம், தப்பான ஆளை ஏற்றினால் கம்பெனிக்கு அபராதம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்த நிறுவனத்துக்கு ஒவ்வொரு பயணிக்கும் ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் விதிக்கலாம் என்று 2001ஆம் ஆண்டே விதி வந்துவிட்டது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கும் நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. வேறொருவருடைய வழக்கு அது. லண்டனிலிருந்து புடாபெஸ்டுக்கு உக்ரைன் நாட்டவர் ஒருவரை விசா இல்லாமல் ஏற்றி வந்ததற்காக ஹங்கேரிப் போலீஸ் ரயன்ஏர் நிறுவனத்துக்கு 3000 யூரோ அபராதம் போட்டது. அவரிடம் இருந்தது ஐரோப்பியக் குடிமகனின் குடும்ப உறுப்பினருக்கான நிரந்தர வசிப்பிட அட்டை. 2020 ஜூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: அந்த அட்டையே போதும், விமான நிறுவனம் அதற்கு மேல் எதையும் ஆராய வேண்டியதில்லை. அட்டையே போதும் என்கிறது நீதிமன்றம். நானோ அட்டையோடு மூன்று ஆவணங்கள் கொண்டுபோயிருந்தேன்.

இன்னொருவர், "பிரான்சு அவருடைய சொந்த நாடு, சொந்த நாட்டுக்குப் போகும்போது இந்த விதி செல்லாது" என்று மிக உறுதியாக எழுதியிருக்கிறார். அவருக்காகவே மெக்கார்த்தி வழக்கைச் சொல்கிறேன். கணவர் பிரிட்டிஷ் குடிமகன், மனைவி கொலம்பியாக்காரர், இருவரும் ஸ்பெயினில் வாழ்ந்தவர்கள். மனைவியின் கையில் ஸ்பெயின் தந்த குடும்ப உறுப்பினர் அட்டை. அது இருந்தும் பிரிட்டனுக்குப் போக ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர் மட்ரிட் நகரத்துக்கு நேரில் போய் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த அனுமதி இல்லாமல் அட்டையை மட்டும் காட்டியபோது விமானத்தில் ஏற்ற மறுத்திருக்கிறார்கள். 2014 டிசம்பர் 18 அன்று, அப்படிக் கேட்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. போகும் நாடு கணவரின் சொந்த நாடாக இருந்தாலும்தான். இவ்வளவு காலம் கழித்து அதே கதையை நான் ஒரு கவுன்டரில் நின்று மறுபடி தொடங்க வேண்டுமா?

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1985இல் பாரிசுக்கு வந்து, ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தவர். அவருடைய பழுப்புத் தோல்பையில் அந்தக் காலத்துத் தற்காலிக அனுமதித் தாள்கூட மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு இந்த அட்டை வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படித்தார். தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பிரதி எடுத்து அந்தப் பையில் வைத்தார். "கடதாசி சரியாக இருந்தால் யாருக்கும் தலைகுனியத் தேவையில்லை, பிள்ளை" என்றார். வெள்ளிக்கிழமை என் கடதாசி சரியாகத்தான் இருந்தது மாமா. ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கத் தலைகுனிந்துதான் திரும்பினேன்.

"ஒரு விசா எடுத்து வைத்திருக்கலாமே, குடும்பத்தினருக்கு இலவசம்தானே" என்கிறீர்கள். இலவசம்தான். மற்றவர்களுக்கு 90 யூரோ. ஆனால் தேதி கிடைக்க வேண்டும், விரல்ரேகை பதிய வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதெல்லாம் போகட்டும், நாளைக்கே கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நான் எடுக்க மாட்டேன். சட்டம் வேண்டாம் என்று சொன்னதை, ஒருவருக்குப் படிக்கப் பொறுமையில்லை என்பதற்காக நான் ஏன் வாங்க வேண்டும்? நான் வாங்கினால் எனக்குப் பின்னால் வரும் பெண்ணிடம் "போன வாரம் வந்தவர் வைத்திருந்தாரே" என்பார்கள்.

"உங்களுக்கு மட்டும் சலுகையா?" என்றும் ஒரு கேள்வி. எழுதியவர் நல்ல மனிதர், அவர் மனைவியை எனக்குத் தெரியும். அவர் அயர்லாந்துக் குடியுரிமை பெற்றவர், மனைவியிடம் இருப்பது வெறும் ஸ்டாம்ப் 4, அதாவது அயர்லாந்தின் சாதாரண வசிப்பிட அனுமதி, பாரிசுக்குப் போக அவர் விசா எடுத்தே ஆக வேண்டும். குடிமகன் தன் சொந்த நாட்டிலேயே இருந்தால் இந்த உத்தரவு அவரைத் தொடாது. பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு இல்லாத தடை அயர்லாந்துக்காரரின் மனைவிக்கு அயர்லாந்திலேயே இருப்பது அநியாயம்தான். அதைக் கேளுங்கள், உங்களோடு நானும் வருகிறேன். ஆனால் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக எனக்கு இருப்பது சலுகையாகிவிடாது. அது உரிமை.

விமானத்தில் ஏற்ற மறுத்ததற்கு 250 யூரோ இழப்பீடு கேட்கச் சொன்னவர்களுக்கு: கேட்டு எழுதிவிட்டேன். ஆவணம் போதாது என்று நிறுவனம் தானே முடிவுகட்டிவிட்டால் அதுவே கடைசி வார்த்தை ஆகாது என்றும் 2020இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பணம் வரட்டும், வராமல் போகட்டும்.

கடைசியாக, "இத்தனை தொல்லை எதற்கு, நீங்களும் குடியுரிமை மாறிவிடுங்கள்" என்றவர்களுக்கு. இதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. மாறினால் இந்த பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு என் அம்மாவைப் பார்க்க நான் வெளிநாட்டவருக்கான அட்டையோடு திருச்சியில் இறங்க வேண்டும். சிலருக்கு அது ஒன்றுமில்லை, எனக்கு அப்படியில்லை. அது நானும் என் அம்மாவும் பேசி முடிவெடுக்க வேண்டியது, ஒரு மேற்பார்வையாளர் தன் திரையைச் சரியாகப் படிக்காததால் எடுக்க வேண்டிய முடிவல்ல. என் கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து பாரிசில் வளர்ந்தவர், நான் காவிரிக் கரைக்காரி, எங்கள் மகள் பிறந்தது அயர்லாந்தில். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று அந்த அட்டை சொல்கிறது. "நீங்களும் குழந்தையும் போகலாம்" என்று சொன்னவர் அந்தக் குடும்பத்தை எவ்வளவு எளிதாக இரண்டாகப் பிரித்தார் என்பதுதான் நான்கு நாளாக மனதை விட்டுப் போகவில்லை.

அந்தியேட்டியை மச்சாள் கைபேசியில் காட்டினார். படம் நின்று நின்று வந்தது. ஐயர் சொல்லச் சொல்ல என் கணவர் எள்ளும் தண்ணீரும் விட்டார். மாமி ஓரமாக உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

அடுத்த ஆண்டு மாமாவின் ஆட்டைத் திவசம், முதலாண்டு நினைவுச் சடங்கு, வருகிறது. இதே அட்டையோடு, விசா எடுக்காமல்தான் போகப்போகிறேன். இந்த முறை மூன்று ஆவணங்களோடு இரண்டு தீர்ப்புகளின் பிரதியும் இருக்கும், விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகவே அந்தக் கவுன்டரில் நிற்பேன்.