சரோஜாவுக்கு சர்நேம் எங்கிருந்து வரும்?

என் அம்மாவின் பெயர் சரோஜா. முன்னால் ஒரு இனிஷியல், பின்னால் ஒன்றும் கிடையாது. ரேஷன் கார்டில் அதுதான், வாக்காளர் அட்டையில் அதுதான், இந்திய அரசாங்கம் சிங்க முத்திரை போட்டுக் கொடுத்த பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலும் இல்லாமல் வெறும் சரோஜாதான். அந்தப் பெயரோடு துபாய்க்கு விமானம் ஏற முடியாது என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதாம். காலியாகத்தான் இருக்கும்! வேலூரில் எந்தத் தெருவிலாவது நின்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று.

வயிறு இன்னும் எரிகிறது.

துபாயில் இருக்கும் தம்பி மனைவிக்கு இது பிரசவ மாதம். அம்மா 60 நாள் விசிட் விசாவில் போகிறார். விசா கையில் இருக்கிறது, போக டிக்கெட், திரும்பி வர டிக்கெட், இன்சூரன்ஸ், எல்லாம் இருக்கிறது. பெட்டிக்குள் பிரசவ லேகியம், குழந்தைக்கு வசம்பு வளையல், தம்பிக்குப் பிடிக்கும் என்று ஆற்காட்டு மக்கன் பேடா. வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் டோல் என்று வரிசையாகக் கட்டிக்கொண்டு நேரத்துக்கு முன்பே போய் நின்றோம்.

இந்த டிக்கெட் கதையை முதலில் சொல்ல வேண்டும். ஆன்லைனில் எடுக்கும்போது லாஸ்ட் நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகவிடாது. சிவப்பு எழுத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும். ஒற்றைப் பெயர் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே போடு என்று அந்த விமான நிறுவனமே குறிப்பு கொடுத்திருக்கிறது. போட்டோம். டிக்கெட்டில் அம்மா 'சரோஜா சரோஜா' ஆகிவிட்டார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"இதுல ரெண்டு சரோஜா இருக்கு சார். பாஸ்போர்ட்ல ஒண்ணுதான் இருக்கு."

"நீங்கதான் மேடம் அப்படிப் போடச் சொன்னீங்க."

"அது புக்கிங் சைடு சார். நாங்க செக்-இன்."

அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "உங்க சர்நேம் என்னம்மா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "அதாம்மா, குடும்பப் பேரு. எல்லாருக்கும் ஒண்ணு இருக்குமே." எல்லாருக்கும் எங்கே இருக்கிறது? இதைச் சொன்னவரின் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தேன். அவருக்கும் ஒரே பெயர்தான்! அம்மா பாவம், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, "கிணத்தடி வீட்டுக்காரங்கன்னு சொல்லுவாங்கம்மா" என்றார். அந்தப் பெண் அதை டைப் அடிக்கக் கீபோர்டில் கையைக் கூட வைத்துவிட்டார்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார்கள். நின்றோம். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் பெட்டியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். வாக்கி-டாக்கியோடு ஒரு மேலதிகாரி வந்தார். அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இதோ பாருங்க சார், இவங்க அப்பா பேரு ராமசாமின்னு தெளிவா இருக்கு, இது போதும்னு துபாய்க்காரங்களே சொல்லிட்டாங்க" என்றேன். அவர் விரலை வைத்து அந்த வரியைப் படித்தார். "இருக்கு சார். ஆனா சிஸ்டம் எடுக்கலையே" என்றார். இன்னொருவருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. வேறொருவர் எடுத்து, மெயில் அனுப்பச் சொன்னார். மெயிலுக்குப் பதில் வருவதற்குள் விமானம் புறப்பட 60 நிமிடம்தான் இருக்கிறது, கவுன்ட்டர் மூடியாச்சு என்றார்கள். ஓரமாக நிற்க வைத்தது அவர்கள், நேரம் ஆகிவிட்டது என்று சொல்வதும் அவர்களே!

இத்தனைக்கும் நடுவில் அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா, என் பேருல இன்னா தப்பு?"

ஒரு தப்பும் இல்லை. இதைத்தான் நான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விதி என்ன தெரியுமா? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் கொண்டுவந்தது. கூச்சல் கிளம்பியதும், அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று சில நாளிலேயே தளர்த்தினார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா, கணவர் பெயர் எல்லாம் அச்சடித்தே இருக்கிறது. பிரச்சினை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தடை வந்த செய்தி கவுன்ட்டர் வரைக்கும் ஓடி வருகிறது, தளர்த்திய செய்தி மட்டும் நடுவழியில் படுத்துவிடுகிறது. ஏன் என்றால், உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்படும் பயணியைத் தன் செலவில் அழைத்துவர வேண்டியது விமான நிறுவனம். அந்தப் பயத்தில், சந்தேகம் என்றாலே ஏற்றாதே என்று விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் யாருக்கு? டிக்கெட் பணமும் விசா பணமும் போனது எங்களுக்கு. இதில் இன்னொரு கொடுமை, அங்கேயே குடியிருப்பு விசா வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஒற்றைப் பெயரோடு அங்கே வருஷக்கணக்கில் வேலை செய்யலாம், பெற்ற தாய் வந்து பேரப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது!

உலகத்துக்கெல்லாம் பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. அதன் 9303 என்ற ஆவணம்தான் எல்லா நாட்டுக்கும் அளவுகோல். அதிலேயே ஒற்றைப் பெயருக்கு இடம் இருக்கிறது. இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகார்னோ, அடுத்தவர் சுகார்த்தோ, இரண்டு பேருக்கும் ஒற்றைப் பெயர்தான். நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் பெயர் கட்டம் கட்டாயம், சர்நேம் விருப்பம் இருந்தால்தான். இனிஷியல் போடக் கூடாது என்றும் அதிலேயே சொல்கிறார்கள். அவர்கள் சொன்னபடி நிரப்பி, போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போய், வாங்கிய பாஸ்போர்ட் இது. இதை ஒரு டிக்கெட் சாஃப்ட்வேர் செல்லாது என்கிறது.

சரி, அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடு என்கிறார்கள். பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்ய வேண்டும், 1500 ரூபாய், அவசரம் என்றால் தட்கலுக்கு மேலே 2000. பாஸ்போர்ட் நம்பர் மாறினால் பழைய விசா செல்லாது, மறுபடி விசாவுக்குக் கட்டு. அது போகட்டும். அதற்குப் பிறகு என்ன நடக்கும்? எங்கே போனாலும் அம்மாவை 'மிஸஸ் ராமசாமி' என்று கூப்பிடுவார்கள். ராமசாமி என் தாத்தா! அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. கணவர் பெயரைப் போட்டால் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகாது, அப்பா பெயரைப் போட்டால் ஆதாரோடு ஒத்துப்போகாது. அமெரிக்க விசா வாங்கிய ஒற்றைப் பெயர்க்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் பெயரைத் தூக்கி சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ., அதாவது 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்', முதல் பெயர் தெரியவில்லை என்று அடித்துக் கொடுக்கிறார்கள். அங்கே ஆபீஸ் அட்டையிலும் பேங்க்கிலும் அந்த மூன்று எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

எங்கள் ஊர் டிராவல் ஏஜென்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஜாதிப் பேரைப் பின்னாடி சேர்த்துடுங்க சார், எந்த ஊர்லயும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். போனிலேயே கத்திவிட்டேன். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். மேடையிலேயே உதறியவர்களும் உண்டு. பெரியார் கடைசி மூச்சை விட்டது 1973 டிசம்பர் 24-இல், இதே வேலூரில், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, விசிட் விசாவுக்காக என் அம்மா பெயரில் ஜாதியை ஒட்டச் சொல்கிறார்! வாலை வெட்டிய மக்களுக்கு ஒரு ஆன்லைன் ஃபார்ம் மறுபடி வால் ஒட்டப் பார்க்கிறது. நாம் ஏன் மாற வேண்டும்? ஃபார்மை மாற்று. 'சர்நேம் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் வைத்து டிக் அடிக்க விடு. அதைக் கூடச் செய்யாமல் கோடிக்கணக்கான பேரைப் பெயர் மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

அங்கே பிரசவம் காத்திருக்காது என்பதால் தாத்தா பெயரையே போட்டு விண்ணப்பித்துவிட்டோம். வேறு வழி? அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கையெழுத்து மட்டும் எப்போதும் போல 'சரோஜா' என்றே போட்டார்.

விசாவுக்குப் புது போட்டோ வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குப் போனால் அங்கே அடுத்த தலைவலி. வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேண்டும், எல்லாம் சரியாக எடுத்தான் அந்தப் பையன். பிரின்ட் வந்ததும் பார்க்கிறேன், அம்மா முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. கன்னத்து மச்சத்தைக் காணோம். "டச்-அப் பண்ணிருக்கேன் சார், கலரா இருந்தாதான் நல்லா இருக்கும்" என்கிறான். யாரப்பா உன்னைக் கேட்டது? பாஸ்போர்ட் போட்டோவில் என் அம்மாவின் நிறத்தை மாற்ற உனக்கு யார் உரிமை கொடுத்தது? மச்சத்தோடு, அவர் நிறத்திலேயே மறுபடி பிரின்ட் போட வைத்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன்.