ஐந்து அடிப் பாட்டுக்கு எழுபது நிமிடம் அதிகமில்லை

முந்தாநாள் முதல் சுற்றிவரும் அந்த ஒரு நிமிடத் துண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குறுந்தொகையின் 25ஆம் பாடலைப் பற்றி நானும் நண்பரும் எழுபது நிமிடம் பேசிய ஒலிப்பதிவில், 'உம்' என்னும் ஓர் இடைச்சொல்லைப் பற்றி நாங்கள் வாதிடும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, "ஐந்து வரிக்கு இவ்வளவு பேச்சா?" என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். ஆம், இவ்வளவு பேச்சுதான். ஐந்தே அடி என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

கபிலரின் தலைவி சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன்? பிறகு அவளுக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகும் (கொக்கு இனப் பறவை) அங்கே இருந்தது. 'யாரும் இல்லை' என்று தொடங்கியவள் 'குருகும் உண்டு' என்று முடிக்கிறாள். அந்த 'உம்'முக்குள் இருப்பது கடைசி நம்பிக்கையா, நம்பிக்கை அற்றுப்போன நிலையா? நண்பர் ஒன்று சொன்னார், நான் மறுத்தேன், பேசப் பேச அவர் பக்கம் சாய்ந்தேன். அச்சிட்ட உரையில் முடிவு கிடைக்கும். மனம் மாறுவதைக் காதால்தான் கேட்க முடியும்.

கண்ணழுத்த நோயால் என் அப்பாவுக்கு நான்கு ஆண்டுகளாகப் படிக்க இயலாது. தஞ்சைப் பக்கத்து வாய்க்காலும் வயலுமாக வாழ்ந்த அவர், அந்தப் பதிவைத் திண்ணையில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டார். "ஆரல் சேத்துக்குள்ள புதைஞ்சு கெடக்கும்பா. அது தலைய நீட்டுற வரைக்கும் கொக்கு கண்ண எடுக்காது. பக்கத்துல என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியாது" என்றார். அவளுடைய ஒரே சாட்சி எதையும் பார்க்கவில்லை. நாங்கள் நின்று நிதானமாகப் பேசியிராவிட்டால் அவர் அந்த வாய்க்காலுக்குத் திரும்பிப் போயிருப்பாரா?

நேரமில்லை என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. பத்துப் பத்து நிமிடமாகக் கேளுங்கள். தொடக்கத்து நல விசாரிப்பைக் குறைத்திருக்கலாம் என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். "புத்தகம் இருக்கும்போது பேச்சு எதற்கு?" என்று ஒரு தமிழாசிரியரே கேட்டிருப்பதுதான் வலிக்கிறது. 'பாடம் கேட்டல்' என்பது நம் சொல் அல்லவா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர்தான் 1937இல் குறுந்தொகையை விரிவான உரையோடு பதிப்பித்தார். அகப்பொருள் இலக்கணத்துக்கு எழுந்த பழைய உரையான இறையனார் களவியலுரை தன் வரலாறாகச் சொல்வது என்ன? அந்த உரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே வந்தது. புலவர் பலர் சொன்ன உரைகளில் நக்கீரர் சொன்னதே மெய்யுரை என்று காட்டியது, பேச்சு வராத ஒரு சிறுவன் அதைக் கேட்டு வடித்த கண்ணீர்.

எங்களுக்கு இதில் ஒரு காசும் வருவதில்லை. இரைச்சல் பதிவாகக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, நள்ளிரவுவரை வியர்வையில் உட்கார்ந்து பேசினோம். வெட்டியவர் அந்த ஒரு நிமிடத்தையாவது முழுதாக விட்டுவைத்தாரா? பதில் சொல்லுமுன் நண்பர் யோசித்த ஏழு விநாடி மௌனத்தையும் நீக்கிவிட்டார். அந்த மௌனத்தில்தான் அவர் பாட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது 3ஆம் பாடல், தேவகுலத்தார் பாடியது, நான்கே அடி. ஞாயிறு இரவு பேசுகிறோம். நேரத்தைக் குறைக்கப்போவதில்லை.