பூச்சு ஸ்டென்ட் போட்டாலும் மாத்திரை முக்கியம்

மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கான பூச்சு ஸ்டென்ட் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதில் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றி "இனி மாத்திரை தேவைப்படாது" என்று வந்த வரி எனக்குக் கவலையைத் தருகிறது.

அந்த ஸ்டென்டின் பெயர் பைப்லைன்; அது 48 மெல்லிய உலோகக் கம்பிகளைப் பின்னிச் செய்த வலைக்குழாய். ரத்தக்குழாயில் பை போல வீங்கிய இடத்துக்குள் ரத்தம் பாய்வதைக் குறைத்து, அங்கே உறைய வைக்கிறது. அதே உறைவு கம்பியின் மேல் நடந்தால் பக்கவாதம் வரலாம். அதனால்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

பைப்லைனின் பூச்சு வகையான ஷீல்டில் கம்பிகள்மேல் இருப்பது பாஸ்போரில்கோலின் என்ற பொருள். சிவப்பணுக்களின் வெளிச்சவ்விலும் இந்த வகைப் பொருள்தான் இருக்கிறது என்பதால், உறைவைத் தொடங்கிவைக்கும் ரத்தத் தட்டணுக்கள் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. தடிமன் 3 நானோமீட்டருக்கும் குறைவு, அபாரமான வேலை! மனித ரத்தத்தைக் குழாயில் சுற்றவிட்டுச் செய்த சோதனைகளிலும் உறைவு குறைந்தது. சரி, ஆனால் அவை சில மணி நேரச் சோதனைகள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். தட்டணுவை ஒட்டவிடாத பூச்சு, ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை வளரவிடுகிறதா? அவை கம்பிகளை மூடி, பையின் வாயை அடைத்தால்தான் சிகிச்சை முழுமையாகும். இதற்காகவே முயலின் கழுத்துத் தமனியில் எலாஸ்டேஸ் நொதியால் வீக்கம் உண்டாக்கி, ஸ்டென்ட் வைத்து, வாரங்கள் கழித்துத் திசுவை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அழற்சி இருக்கிறதா, குழாய் சுருங்குகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட யாரும் இதைப் படித்துவிட்டு, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.